செத்தவன் பேர் என்ன?

எனக்கு ஒரு நண்பர் உண்டு. பத்திரிகைத் தொழிலில் நெடுநாள் அநுபவம் உள்ளவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் கதைகளில் நாலைந்தைத் திருத்தி, இரண்டைக் கெடுத்து, மற்றவற்றை அப்படியே போட்டவர். பெயரைச் சொன்னால் சண்டை வலுக்கும். அதனால் நண்பர் என்றே வைத்துக்கொள்வோம்.

காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பங்களுக்கு நாலைந்து தடவை போய் வந்து, அங்கே வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்தால் கதை திரும்பி வரப் போகிறது என்று அர்த்தம்.

"என்ன ஐயா இது? பிறந்தான், வலை போட்டான், கல்யாணம் பண்ணினான், குடித்தான், செத்தான். ஒருத்தனைப் பற்றி எழுதினால் நூறு பேரைப் பற்றி எழுதின மாதிரிதான். நாட்டுக்கு உழைத்தவனா, நாலு பேருக்குத் தெரிந்தவனா? தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. காப்பி வந்தது, குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். வாசகர்களில் பலரும் நண்பரின் கட்சியாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் வெகு நாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே, எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் விழும் முகத்துவாரத்தைத் தாண்டினால், கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவில் வாலைப்போல நீண்டு பழவேற்காடு வரைக்கும் போகிற மணல்திட்டுதான் அந்தப் பூமி. காட்டுப்பள்ளி அதில் இருக்கிறது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் கணக்கு. 2013-இல் கப்பல் கட்டும் தளத்தோடு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து ஜனங்கள் தங்கள் பழைய இடத்தை விட்டு வேறிடம் போனார்கள்.

ஊரை இடம் மாற்றலாம். கூரையைப் பிரித்து, பாத்திரம் பண்டத்தைக் கட்டி, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அம்மன் சிலையைக்கூடத் தூக்கிக்கொண்டு போகலாம். புதைத்தவர்களை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? இடம் மாறிய எந்த ஊருக்கும் இதுதான் கதி. உயிரோடிருப்பவர்கள் ஓரிடம், செத்தவர்கள் ஓரிடம். ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ராக்கெட் தளத்துக்காக ஜனங்களை அப்புறப்படுத்தினார்களே, அப்போதும் இதுதான். 1971-இல் அங்கிருந்து முதலில் பறந்த ராக்கெட்டின் பெயர் ரோகிணி. பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லுவான். அந்தத் தீவில் குடியிருந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். நினைவு வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறாரே, அதே கடற்கரையில் முந்நூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களை நாம் எவ்வளவு பக்தி சிரத்தையுடன் நினைவு வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமா? காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே பத்து மைல்கூட இராது பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் கம்பீரமாக இருக்கிறது. வாசலில் கல்லிலே செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே போனால், என்ன எழுத்து! என்ன சித்திர வேலை! இன்னார் மகன் இன்னார், கம்பெனியில் இன்ன உத்தியோகம், பிறந்த தேதி, இறந்த தேதி, குலச் சின்னம், கப்பல், கொடி எல்லாம் கல்லில் இருக்கின்றன. மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா வேலி போட்டுப் பலகை நட்டிருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காவல். 2010-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு சுவர் எழுப்பக்கூடாது.

நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்த எழுத்துகள் அழிந்தால் எனக்கும் வருத்தந்தான். ஆனால் அந்தக் கனவான்கள் பழவேற்காட்டில் என்ன செய்தார்கள்? துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். அதோடு மனிதர்களையும் வாங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சமும் யுத்தமும் வந்தபோதெல்லாம், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக் கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தேவியாவுக்கும் மற்ற தீவுகளுக்கும் கப்பலேற்றினார்கள். பழவேற்காடு அதற்கு முக்கியமான துறை. கம்பெனிக்காரர்கள் கணக்கிலே புலிகள். எந்தக் கப்பலில் எத்தனை உருப்படி என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. வாங்கினவனுக்குக் கல்லில் பெயர். வாங்கப்பட்டவனுக்குக் கணக்கில் ஓர் எண். நண்பரே, யாரை நினைவு வைப்பது என்பதை நாட்டுக்கு உழைத்த உழைப்பா தீர்மானித்தது?

"அது டச்சுக்காரன் வழக்கம், நம்முடைய மரபு வேறு" என்று நண்பர் சொல்வார். நம்முடைய மரபையே எடுத்துக்கொள்வோம். செத்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகப் பிரித்துச் சொல்கிறது. கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது. யாருக்கு அந்தக் கல்? ராஜாக்களுக்கு மட்டுமா? மாடு மீட்கப் போய்ச் செத்த ஊர்க்காரனுக்கும் அது உண்டு. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. வீரன் பெயர் கருந்தேவக் கத்தி. அவனோடு ஒரு நாயும் அந்தக் கல்லில் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்லில் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு கிராமத்து நாயின் பெயர் அழியாமல் இருக்கிறது! அந்தப் பெயரைப் பொறித்த கிராமத்தானிடம் போய், "நாலு பேருக்குத் தெரிந்த நாயா?" என்று நம் நண்பர் கேட்டிருந்தால் கோவிவன் என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் மனத்தில் தங்கியது கிரே என்ற ஆங்கிலக் கவிஞர் கிராமத்து இடுகாட்டைப் பற்றி எழுதிய இரங்கற்பா ஒன்றுதான். 1751-இல் அச்சான பாட்டு. ஏழைகளின் புதைகுழிகளுக்கு நடுவே அந்திப் பொழுதில் நின்று கவிஞர் உருகுகிறார். வகுப்பில் நானும் உருகினேன். போன வருஷம் அதை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. அந்தப் பாட்டில் மூன்று பெரிய மனிதர்களின் பெயர்கள் வருகின்றன: ஹாம்ப்டன், மில்டன், கிராம்வெல். கிராமத்தில் புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. இத்தனைக்கும் அந்தத் தேசத்தில் 1538 முதல் ஒவ்வொரு மாதாகோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. புரட்டிப் பார்த்திருந்தால் பெயர்கள் கிடைத்திருக்கும். இரக்கம் வேறு, நினைவு வேறு. இரக்கப்படுவதற்குப் பெயர் தேவையில்லை. அது சௌகரியமான காரியம். உருகிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

கவிஞரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக்கூடாது. இருபது வருஷத்துக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். பரிசுகூட வந்தது. புயலடிக்கிறது, கட்டுமரம் கவிழ்கிறது, மூன்றாம் பக்கத்தில் ஒரு மீனவன் சாகிறான். கதை அவனைப் பற்றியதல்ல. கரையில் நின்று அதைப் பார்க்கிற பட்டணத்து வாலிபனின் மனமாற்றத்தைப் பற்றியது. வாலிபன் மனம் மாறுவதற்காக ஒருவனைக் கொன்றேன். அவ்வளவுதான். கதை வெளியான பிறகு, கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கார்டு எழுதினார். பாராட்டு இல்லை, கண்டனமும் இல்லை. ஒரே வரிதான். "செத்தவன் பேர் என்ன?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை. அவனுக்கு நான் பெயர் வைக்கவே இல்லை.

சர்க்கார் பதிவேடு இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. அந்தக் காலத்தில் மணியக்காரர் எழுதினார். 1980-இல் பரம்பரை மணியமும் கர்ணமும் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பிறப்பு, இறப்புக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம். இருபத்தொரு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர், தேதி, இடம், தகப்பன் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். சாவின் காரணத்தை உள்ளே எழுதிக்கொள்வார்கள். ஆனால் வெளியே கொடுக்கிற நகலில் அதைக் காட்டக் கூடாதென்று அதே சட்டம் சொல்கிறது. நோயை ஊரறியச் செய்யக் கூடாதென்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எப்படியோ, அந்தக் காகிதம் வாரிசுக்கும் வங்கிக்கும் உதவும். மனிதனை அறிய உதவாது.

அதுவும் பிணம் கிடைத்தால்தான். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை என்றால்? ஏழு வருஷம் ஒருவனைப் பற்றித் தகவலே இல்லாமல் இருந்தால்தான் செத்தவனாக அநுமானிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2023-இல் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், விதி மாறவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் விதியைத் தளர்த்தினார்கள். சந்தோஷம். ஆனால் இதன் அர்த்தம் என்ன? கூட்டமாகச் செத்தால் சர்க்கார் நம்பும். தன்னந்தனியாக ஒரு நாள் காலையில் போய்த் திரும்பாமல் இருந்தால், பெண்டாட்டி ஏழு வருஷம் சுமங்கலியா விதவையா என்று தெரியாமல் நிற்க வேண்டும். திதி தெரியாத பிதுர்களுக்கு அமாவாசை என்று நம் பெரியவர்கள் ஒரு வழி வைத்தார்கள். சட்டத்துக்கு அவ்வளவு விசாலமான புத்தி வரவில்லை.

அப்படியானால் கிராமம் தானாக எதையும் எழுதி வைக்கவில்லையா? இங்கேதான் நண்பர் பெரிதாகத் தவறுகிறார். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்துறைகளை யார் எந்த நாளில் உபயோகிப்பது என்று குப்பத்தாரே முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குத் தலைக்கட்டு ஜாபிதா வேண்டும். கல்யாணமான ஆண் அதில் சேருவான். செத்தால் பெயர் எடுபடும். ஒருவன் பிறந்ததை அல்ல, குடும்பஸ்தனாகிப் பங்குக்கு உரியவனானதைக் குறிக்கிற பதிவேடு அது. தாசில்தார் கச்சேரியில் இருக்கும் எந்த ஏட்டிலும் இத்தனை அர்த்தம் இல்லை. அது பூரணமான ஏடு என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களுக்கு அதில் இடமில்லை. அதே தண்ணீரில் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர்களுக்கும் இடமில்லை. மறதி பட்டணத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. இருந்தாலும், ஏரியும் கழியும் இருக்கும் வரையில்தான் பாடு. பாடு இருக்கும் வரையில்தான் அந்த ஜாபிதா.

2018-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி கம்பெனியின் கைக்குப் போயிற்று. சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க வேண்டுமென்று திட்டம் போட்டார்கள். வருஷத்துக்கு இரண்டரைக் கோடி டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகச் சரக்கு ஏற்றி இறக்குவதை 32 கோடி டன்னாக்க வேண்டுமாம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரியில் வைப்பதாகச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரிலும் அப்படியே. இந்த மாதிரித் திட்ட அறிக்கைகள் சிலவற்றை நான் புரட்டியிருக்கிறேன். மண்ணின் ரகம், காற்றின் வேகம், நண்டின் லத்தீன் பெயர் எல்லாம் இருக்கும். நண்டுக்குப் பெயர் உண்டு! மனிதர்கள் மட்டும் இத்தனை குடும்பங்கள் என்று வருவார்கள். கப்பலேற்றிய கணக்கைப் படித்திருந்த எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

"அப்படியானால் துறைமுகமே வேண்டாமா? மின்சாரம் வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும். இதை எழுதும்போது என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பலால் தூர்த்த மின்நிலையங்களில் பிறந்த காற்றாகவே அது இருக்கலாம். காட்டுப்பள்ளியில் கடலைக் காய்ச்சாமல் பிழிந்தெடுத்த தண்ணீர் வடசென்னை வீடுகளுக்கு வந்தது. அதைக் குடித்தவர்களில் என் உறவினர்களும் உண்டு. ஆகவே நான் யோக்கியன், நீங்கள் அயோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒருவன் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதை. கேட்காமலே வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். சண்டை அதைப் பற்றித்தான்.

எல்லாச் சாவும் ஒரே மாதிரி என்று நண்பர் சொன்னாரே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவருடைய ஆபீஸ் இருக்கும் தெருவிலே தினம் ஒரு 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு. படத்தை மட்டும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும். குப்பத்தில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறேன். கிழவிகள் ஒப்பாரி சொன்னார்கள். மெட்டு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். சேதி ஒன்றல்ல. செத்தவன் முதல் படகை யாரிடம் கடன் வாங்கி வாங்கினான், எந்த மகளைக் கட்டிக் கொடுத்தபோது வலையை அடகு வைத்தான், தம்பியோடு எதற்காகப் பேச்சு நின்றது என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தது. கடன் கொடுத்தவரும் அங்கேதான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கூலிக்கு மாரடிப்பது என்று நாம் கேலிக்குச் சொல்கிறோம். கூலி வாங்கிக்கொண்டு எழுதும் நம்மில் எத்தனை பேர் கடன் கொடுத்தவன் எதிரிலேயே அந்தக் கடனைப் பாடுவோம்?

அன்றைக்கு ஒப்பாரி சொன்னவர்களில் ஓர் ஆயா. வயது எண்பதுக்கு மேலிருக்கும். இடம் பெயர்ந்து வந்த குடும்பம். அடுத்த தடவை போனபோது அவளிடம் பழைய ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கையில் நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். தேதிவாரியாகவோ வயதுவாரியாகவோ அவள் சொல்லவில்லை. கிணற்றிலிருந்து ஆரம்பித்தாள். கிணற்றுக்குத் தெற்கே முதல் வீடு, அதற்கடுத்தது, பூவரச மரத்தடி வீடு என்று மனத்துக்குள்ளே நடந்துகொண்டே போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி பிரசவத்தில், ஒருவன் மஞ்சள் காமாலையில், ஒரு குழந்தை கழியில் இறங்கி. ஒரு வீட்டு வாசலில் வெகு நேரம் பேசாமல் நின்றாள். அது அவள் வீடு.

அந்தப் பெயர்களை இங்கே அச்சிட எனக்கு அநுமதி இல்லை. அவை அவள் கொடுத்து வைத்தவை. நண்பர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெயர்களைப் போட்டால் இடம் போதாதென்றார், போடாவிட்டால் சுவை இல்லை என்றார்.

இருட்டுகிற சமயத்தில் நோட்டை மூடி எழுந்தேன். "படி, பாக்கலாம்" என்றாள் ஆயா. எழுதினதை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், பூவரச மரத்தடி வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அவனுக்கு ரெண்டு பேரு நைனா. ஊட்ல ஒண்ணு, கடலுக்குப் போனா ஒண்ணு. நீ ஒண்ணுதான் போட்டுக்கீறே."

வெளிச்சம் போதவில்லை. வாசலுக்கு வந்து நின்று மற்றொன்றையும் எழுதினேன்.